தைமஸில் 5.8 செ.மீ. கட்டி: ஊசிப் பரிசோதனை வேண்டாம், நேராக ஆபரேஷன் என்கிறார்கள். சரிதானா?

கிணற்றடி

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு வயது 46. வேலைக்கான உடல் பரிசோதனையில் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில், இதயத்தின் நிழலை ஒட்டி ஏதோ புடைப்பு தெரிகிறது என்று சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். "முன் மீடியாஸ்டினத்தில் 5.8 செ.மீ. திடக்கட்டி, தைமஸ் சார்ந்தது போல் உள்ளது, தைமோமாவா என்று பார்க்கவும்" என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மீடியாஸ்டினம் என்றால் நெஞ்சுக்குள் இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் உள்ள இடமாம், தைமோமா என்றால் தைமஸில் வரும் ஒரு வகைக் கட்டியாம். அண்ணனுக்கு இருமல் இல்லை, நெஞ்சு வலி இல்லை, எடையும் குறையவில்லை. நேற்று வரைக்கும் மூன்று மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்த மனிதர்.

நெஞ்சு அறுவை டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, ஊசியால் சதை எடுத்துப் பார்க்கத் தேவையில்லை, நேராக எடுத்துவிடலாம் என்கிறார். எங்களுக்கு அதுதான் உறுத்துகிறது. என்ன கட்டி என்றே தெரியாமல் நெஞ்சைத் திறப்பார்களா?

இரவெல்லாம் உட்கார்ந்து தேடினேன். ஒரு இடத்தில் தைமோமா சாதுவான கட்டி என்று போட்டிருக்கிறது. இன்னொரு இடத்தில் புற்றுநோய் என்கிறார்கள். வேறொரு இடத்தில், பெரியவர்களுக்குத் தைமஸே சுருங்கிப்போயிருக்கும் என்று இருக்கிறது. எதை நம்புவது என்றே தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வெயில்காலம்

தைராய்டு கட்டிதானே? பயப்படாதீர்கள், என் அம்மாவுக்கும் இருந்தது. மாத்திரையிலேயே சரியாகிவிட்டது.

கிணற்றடி

தைராய்டு இல்லைங்க, தைமஸ். நானும் முதல் நாள் ரிப்போர்ட்டை அப்படித்தான் தப்பாகப் படித்தேன்.

இரண்டாம்_இன்னிங்ஸ்

தங்கச்சி, எனக்கு 9 வருடத்துக்கு முன் தைமோமா எடுத்தார்கள். இன்று உட்கார்ந்து உங்களுக்குத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். முதலில் அந்த மூச்சை விடுங்கள்.

தைராய்டு கழுத்தில் இருப்பது. தைமஸ் அதற்குக் கீழே, நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கும் பெரிய ரத்தக் குழாய்களுக்கும் முன்னால் படுத்திருக்கும். நோய்க் கிருமிகளோடு சண்டை போடும் டி செல்கள் பயிற்சி எடுக்கும் பள்ளிக்கூடம் அது. டி என்ற எழுத்தே தைமஸிலிருந்துதான் வந்தது. ரொம்ப நாள் அதை உதவாக்கரை உறுப்பு என்றுதான் நினைத்திருந்தார்கள். 1961-இல் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், அப்போதுதான் பிறந்த எலிக்குஞ்சுகளிடமிருந்து அதை எடுத்துப் பார்த்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. தைமஸ் இல்லாத எலிகள் சாதாரண நோய்த்தொற்றைக்கூடத் தாங்காமல் செத்துப்போயின.

ஊசி விஷயத்தை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். எனக்கு ஒரே ஒரு கேள்வி: சாயங்காலமானால் அண்ணனுக்குக் கண் இமை இறங்குகிறதா? ஒரு இமை மட்டும் இறங்கினாலும் கணக்குதான். பொருள் இரண்டாகத் தெரிகிறதா? சாப்பிட ஆரம்பிக்கும்போது நன்றாக மென்று, பாதியில் தாடை ஓய்ந்துபோகிறதா? பேசப் பேசக் குரல் மூக்கில் போகிறதா? தேவையில்லாமல் கேட்பதாக நினைக்காதீர்கள். ஆபரேஷனுக்கு முன் இது தெரிந்தே ஆக வேண்டும்.

ஏன்_எதற்கு

ஒரு சந்தேகம். 46 வயதில் தைமஸ் கொழுப்பாக மாறியிருக்கும் என்றுதானே படித்திருக்கிறோம்? இல்லாத உறுப்பில் புற்றுநோய் எப்படி வரும்?

கண்ணாடித்தகடு

நான் திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். டாக்டர் இல்லை, ஆனால் தைமஸ் தகடுகள் மைக்ரோஸ்கோப்புக்குப் போய் வருவதைப் பல வருடமாகப் பார்க்கிறேன்.

ஏன்_எதற்கு கேட்டது நியாயமான கேள்வி. தைமஸ் காணாமல் போவதில்லை. பூப்படையும் வயதில் அதன் எடை உச்சத்துக்குப் போகும், அப்புறம் மெல்ல மெல்ல இடத்தைக் கொழுப்புக்கு விட்டுக்கொடுக்கும். அந்தக் கொழுப்புக்கு நடுவே எபிதீலிய செல்கள் (தைமஸின் சட்டகமாக இருக்கும் செல்கள்) தீவு தீவாக மிச்சமிருக்கும். கட்டி வருவது அந்த எபிதீலிய செல்களில்தான். தைமோமாவில் லிம்போசைட்டுகள் (டி செல் மாதிரியான வெள்ளையணுக்கள்) மந்தை மந்தையாக இருந்தாலும் அவை வெறும் கூட்டாளிகள், குற்றவாளி எபிதீலியம். லிம்போசைட்டே குற்றவாளியாக இருந்தால் அதன் பெயர் லிம்போமா. மருந்தும் வேறு, வழியும் வேறு.

இப்போது ஊசி விஷயம். கிணற்றடி, உங்கள் டாக்டர் சொன்னது விசித்திரமான பேச்சில்லை. சிடியில் தைமோமா போலவே இருந்து, சுற்றியுள்ள எதையும் பிடிக்காமல், முழுதாக எடுத்துவிடலாம் என்று தெரிந்தால் பயாப்ஸி இல்லாமல் நேராக எடுப்பதுதான் பொதுவான வழக்கம். கட்டியைச் சுற்றி ஒரு உறை இருக்கும். ஊசி அந்த உறையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகிறது. வரும் வழியில் நுரையீரல் உறையில் செல்கள் சிந்திவிடக் கூடாது என்ற கவலை உண்டு. இது முதல் காரணம்.

இன்னொன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தைமோமாவில் பி1, பி3 என்று உள்வகைகள் உண்டு. ஒரே கட்டியில் ஒரு மூலை பி1 மாதிரி இருக்கும், இன்னொரு மூலை பி3 மாதிரி இருக்கும். ஊசியில் வருவது நூல் மாதிரி ஒரு துணுக்கு. அது எந்த மூலையிலிருந்து வந்ததோ அதைத்தான் சொல்லும். பி1 என்றால் லிம்போசைட் மயமாக இருக்கும், சின்னத் துணுக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் லிம்போமாவோ என்று தடுமாற வைக்கும். இதெல்லாம் போக, முடிவு எதுவாக வந்தாலும் செய்யப்போவது அதே ஆபரேஷன்தான் என்றால் குத்திப் பார்ப்பதில் என்ன லாபம்?

ஊசி கட்டாயம் வேண்டிய இடங்களும் உண்டு. லிம்போமா என்ற சந்தேகம் இருந்தால் வேண்டும், அதற்கு ஆபரேஷனே வைத்தியம் கிடையாது. கட்டி பெரிய ரத்தக் குழாய்களில் ஒட்டியிருந்தால், முதலில் கீமோ கொடுத்துச் சுருக்க வேண்டியிருக்கும், அப்போதும் வேண்டும். இளம் ஆண்களுக்கு இதே இடத்தில் ஜெர்ம் செல் கட்டியும் (இனப்பெருக்க செல்களிலிருந்து வருவது) வரும் என்பதால் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்று இரண்டு ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள். அண்ணனுக்கு அது எடுத்தார்களா?

கிணற்றடி

எடுத்திருக்கிறார்கள், இரண்டும் நார்மல். மிக்க நன்றி. இப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்த மாதிரி இருக்கிறது.

இரண்டாம்_இன்னிங்ஸ் அண்ணா, கண் இமை பற்றி அவரிடம் கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று தட்டிக்கழித்துவிட்டார். இன்று மாலை ஓரக்கண்ணால் கவனிக்கிறேன்.

பச்சைக்குறிப்பு

ஆபரேஷன் எல்லாம் அவசரப்பட வேண்டாம் சகோதரி. இது நோய் எதிர்ப்பு சக்தி குறைவால் வருவது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மூலிகைப் பொடி 48 நாள் எடுத்தால் கட்டி தானாகக் கரையும். தனிச்செய்தியில் விவரம் தருகிறேன்.

இரண்டாம்_இன்னிங்ஸ்

ஐயா, தைமோமாவுடன் வரும் தொல்லைகளில் பாதி, எதிர்ப்பு சக்தி தறிகெட்டுச் சொந்த உடம்பையே அடிப்பதால் வருபவை. எனக்கு அப்படித்தான் வந்தது. தசைக்கு நரம்பு அனுப்பும் கட்டளையை வாங்கும் இடத்தையே என் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள் போய் அடைத்துக்கொண்டது. அதை இன்னும் "கூட்டு" என்று பொடி கொடுப்பீர்களா? இமை தொங்கிக் கிடக்கிற ஆளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கிணற்றடி, தனிச்செய்தி வந்தால் திறக்காதீர்கள்.

அவரோட_மனைவி

இந்த இழையைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். பயமுறுத்துவதற்காக இல்லை.

என் கணவருக்கு வந்தது தைமிக் கார்சினோமா. பெயரில் தைமோமாவுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், நடத்தையில் வேறு ஜாதி. சட்டைக் காலர் பட்டன் போட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எடை போட்டுவிட்டது என்று கேலி செய்தேன். அப்புறம் காலையில் எழுந்ததும் முகம் உப்பியிருக்கும், பகலில் கொஞ்சம் வடியும். குனிந்து செருப்பு மாட்டினால் தலை கனக்கும். கழுத்து நரம்புகள் கயிறு மாதிரி புடைத்து நிற்கும். தலையிலிருந்து ரத்தத்தை இதயத்துக்கு இறக்கும் மேல் பெருஞ்சிரையைக் கட்டி நெரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

நாங்கள் முதலில் போன இடத்தில் சிடி படத்தைப் பார்த்துவிட்டு, தைமஸ் கட்டிகள் சாதுவானவை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. அந்த "சாது" என்ற சொல்லை நம்பி நான்கு மாதம் போய்விட்டது. அவருக்கு ஊசிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டியிருந்தது. கட்டியை எடுக்கிற நிலையில் இல்லை. கார்போப்ளாட்டின், பாக்லிடாக்செல் என்று இரண்டு மருந்து கீமோ, அப்புறம் ரேடியேஷன். இப்போது லென்வாட்டினிப் என்ற மாத்திரையில் இருக்கிறார். ரத்த அழுத்தத்தை தினமும் இரண்டு வேளை பார்த்து நோட்டில் எழுதுகிறேன், அந்த மாத்திரை அழுத்தத்தை ஏற்றிவிடும்.

கிணற்றடி, உங்கள் அண்ணனுக்கு முகம் வீங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் நல்லது.

கண்ணாடித்தகடு

அக்கா, நீங்கள் எழுதியது நல்லது. இந்தச் "சாது" விவகாரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், குழப்பமே அங்கேதான்.

பழைய நாட்களில் உறைக்குள் அடங்கியிருந்தால் சாதுவான தைமோமா, உறையைத் தாண்டினால் கெட்ட தைமோமா என்று எழுதுவார்கள். மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். சாது என்று அனுப்பிவைத்த கட்டிகள் சில 10 வருடம் கழித்து நுரையீரல் உறையில் முளைத்துக்கொண்டு திரும்பி வந்தன. அதனால் இப்போது எல்லாத் தைமோமாவையும் புற்றுநோய்க் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். சில மெதுவாக நகரும், சில வேகமாக நகரும், அவ்வளவுதான். இணையத்தில் பழைய பக்கங்களும் புதிய பக்கங்களும் கலந்து கிடப்பதால்தான் கிணற்றடிக்கு இரண்டு பதில் கிடைத்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் எழுத்துகள் வரும்: ஏ, ஏபி, பி1, பி2, பி3. ஏ வகையில் செல்கள் கதிர்போல நீண்டிருக்கும், பொதுவாக அமைதியானவை. பி1-இலிருந்து பி3-க்குப் போகப் போக லிம்போசைட்டுகள் குறையும், எபிதீலிய செல்கள் கூடும், குணமும் கொஞ்சம் முரடாகும். கார்சினோமாவை ஒரு காலத்தில் சி என்று இதே வரிசையில் வைத்திருந்தார்கள், பிறகு தனியாகப் பிரித்துவிட்டார்கள். அதில் பெரும்பாலானவை செதிள் செல் வகை. நுரையீரலிலிருந்து வந்ததா, தைமஸிலேயே பிறந்ததா என்று பிரிக்க சிடி5, சிடி117 என்று இரண்டு சாயம் போடுவோம். இரண்டும் பிடித்தால் தைமஸ் பக்கம் தராசு சாயும். இந்த சிடி வேறு, ஸ்கேன் சிடி வேறு. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆக மொத்தம் அபூர்வமான நோய். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு 1 முதல் 3 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாதாரண மருத்துவமனையில் வருடத்துக்கு ஒரு தகடு வந்தாலே அதிகம். தைமஸ் அடிக்கடி பார்க்கும் இடத்தில் இன்னொரு முறை தகடுகளைக் காட்டச் சொல்வது அதனால்தான். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏன்_எதற்கு

இது எதனால் வருகிறது? சிகரெட்டா? மரபா?

கண்ணாடித்தகடு

புகைதான் காரணம் என்று விரல் நீட்டும்படி எதுவும் நிலைநாட்டப்படவில்லை. குடும்பத்தில் பரவுவதும் வழக்கமில்லை. ஏ, ஏபி வகைகளில் ஜிடிஎஃப்2ஐ என்ற மரபணுவில் ஒரே இடத்தில் மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. அது அந்தக் கட்டிக்குள் நடந்த மாற்றம், பிள்ளைகளுக்குப் போவதில்லை. அண்ணன் என்ன தப்பு செய்தார் என்று வீட்டில் யாராவது ஆராய்ச்சி நடத்தினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

கிணற்றடி

மூன்று நாளாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று மாலை அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து கவனித்தேன். தலையை நிமிர்த்தி, முகவாயைத் தூக்கி, ஏதோ மேல்மாடியைப் பார்ப்பது போல் பார்க்கிறார். எப்போதிலிருந்து இப்படி என்று அண்ணியிடம் கேட்டேன். அவருக்கு அப்படித்தான் பழக்கம் என்றார். போன வருடக் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தோம். காலையில் எடுத்த படங்களில் இரண்டு கண்ணும் சமமாக இருக்கின்றன. இரவு எடுத்தவற்றில் இடது இமை கருவிழியில் பாதியை மூடியிருக்கிறது. எங்கள் கண் முன்னாலேயே ஒரு வருடமாக இருந்திருக்கிறது. அப்புறம் அவரே ஒத்துக்கொண்டார், பேப்பர் படிக்கும்போது எழுத்து இரண்டாகத் தெரிவதால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கிறாராம். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தாராம்.

டாக்டரிடம் சொன்னோம். உடனே நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினார். அசிடைல்கோலின் ஏற்பி எதிர்ப்பொருள் பாசிட்டிவ். மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர் சொன்னார்கள். ஆபரேஷனைத் தள்ளிவைத்து, முதலில் இதற்கு மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். கட்டி உள்ளே இருக்கும்போது தள்ளிவைப்பது சரியா என்று மறுபடியும் வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டாம்_இன்னிங்ஸ்

ஆல்பத்தை எடுத்துப் பார்க்கத் தோன்றியது பாருங்கள், அது பெரிய விஷயம். பல நரம்பியல் டாக்டர்கள் பழைய படம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

தள்ளிவைத்தது சரி. தைமோமா சில வாரங்களில் ஓடிப்போகிற கட்டி இல்லை. ஆனால் மயஸ்தீனியாவைக் கட்டுக்குள் கொண்டுவராமல் மயக்க மருந்து கொடுத்தால், ஆபரேஷன் முடிந்தபின் மூச்சுத் தசைகள் எழுந்திருக்காமல் வெண்டிலேட்டரிலேயே கிடக்க நேரிடும். தசையைத் தளர்த்தும் மருந்தின் அளவை மயக்க டாக்டர் வேறு கணக்கில் போட வேண்டும். எனக்கு ஐ.வி.ஐ.ஜி. என்ற எதிர்ப்பொருள் மருந்தை நரம்பு வழியாக ஐந்து நாள் ஏற்றி, அப்புறம்தான் மேசைக்குக் கொண்டுபோனார்கள். சிலருக்குப் பிளாஸ்மா மாற்றம், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றி எதிர்ப்பொருளை வெளியேற்றுவது, செய்வார்கள்.

தைமோமா வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் தசைக்களைப்பு இருக்கும். திருப்பிப் பார்த்தால், மயஸ்தீனியா வந்தவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்குத் தைமோமா இருக்கும். அதனால்தான் இமை தொங்குகிறது என்று போனவர்களுக்கும் நெஞ்சில் சிடி எடுக்கிறார்கள். இந்த உறவு புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1936-இலேயே ஆல்ஃப்ரெட் பிளாலாக் என்ற அறுவை நிபுணர் மயஸ்தீனியா வந்த ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை எடுத்தார், அவர் தேறினார். 1939-இல் அதை எழுதி வெளியிட்டார். தைமஸ் ஆபரேஷன் வரலாறே அங்கிருந்துதான் வேகம் பிடித்தது.

இமை தொங்கவில்லை என்றாலும் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளைப் பார்த்துவிட்டுத்தான் தைமோமா ஆபரேஷனுக்குப் போக வேண்டும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அவரோட_மனைவி

என் கணவருக்கு இதெல்லாம் கிடையாது. கார்சினோமாவில் மயஸ்தீனியா வருவது ரொம்பக் குறைவு என்று எங்கள் டாக்டர் சொன்னார். அப்படிப் பார்த்தால் அந்தத் தொங்கிய இமை கிணற்றடிக்கு ஒருவிதத்தில் நல்ல சேதிதான். சொல்லும்போதே சங்கடமாக இருக்கிறது.

கண்ணாடித்தகடு

சங்கடப்படாதீர்கள் அக்கா, அது உண்மைதான். கூடவே ரத்தத்தில் சிவப்பணு எண்ணிக்கை, இம்யூனோகுளோபுலின் (கிருமிகளை எதிர்க்கும் புரதம்) அளவு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தைமோமாவில் சிலருக்கு எலும்பு மஜ்ஜை சிவப்பணு செய்வதை மட்டும் நிறுத்திவிடும். இன்னும் சிலருக்கு இம்யூனோகுளோபுலின் அடிமட்டத்துக்குப் போய், சளி, நிமோனியா என்று மாற்றி மாற்றி வரும். பின்னதற்கு குட் சிண்ட்ரோம் என்று பெயர், 1954-இல் விவரித்த ராபர்ட் குட் என்பவரின் பெயரால். "நல்ல" என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு ஒருவர் இனிப்பு கொடுக்காத குறையாகச் சந்தோஷப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

மௌனராகி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அக்கா மகளுக்கு லிம்போமா கீமோ முடிந்து சில மாதத்தில் தைமஸ் பெரிதாகத் தெரிந்தது. திரும்ப வந்துவிட்டது என்று வீடே இழவு வீடு ஆனது. கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்து, கட்டி இல்லை, கீமோவில் வாடிய தைமஸ் மறுபடி தளிர்க்கிறது என்றார்கள். கொழுப்பும் தைமஸ் திசுவும் கலந்திருந்தால் எம்.ஆர்.ஐ.யில் ஒரு வகைப் படத்தில் கறுத்துவிடுமாம், கட்டி என்றால் கறுக்காதாம். இப்படியும் நடக்கும் என்பதற்காக எழுதினேன்.

சுருக்கெழுத்து

5.8 செ.மீ. என்றால் மூன்றாம் கட்டமா? அளவை வைத்துத்தானே கட்டம்?

கண்ணாடித்தகடு

இல்லை. 1981-இல் மசாவோகா வகுத்த முறைதான் ரொம்ப நாள் ஆட்சி செய்தது, 1994-இல் கோகா திருத்தினார். அதில் அளவுக்கு இடமே கிடையாது. உறைக்குள் இருந்தால் முதல் கட்டம். உறையைத் தாண்டிப் பக்கத்துக் கொழுப்புக்குப் போனால் இரண்டு. இதய உறை, நுரையீரல், பெரிய குழாய்கள் என்று பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தால் மூன்று. நுரையீரல் உறையில் விதை விதையாகச் சிதறியிருந்தால் நான்கு ஏ, நிணநீர் முடிச்சுக்கோ தூரத்துக்கோ போயிருந்தால் நான்கு பி. இப்போது டிஎன்எம் முறையும் (கட்டி, நிணநீர் முடிச்சு, தூரப் பரவல் என்று மூன்றையும் வைத்துக் கட்டம் சொல்வது) வந்துவிட்டது. அதன் 9-ஆம் பதிப்பில்தான் 5 செ.மீ. என்ற கோடு தலைகாட்டுகிறது, அதுவும் முதல் படிக்குள்ளேயே ஏ, பி என்று பிரிக்கத்தான். 10 செ.மீ. கட்டி உறைக்குள் சமர்த்தாக இருப்பதும் உண்டு, 4 செ.மீ. கட்டி சிரைக்குள் தலைநீட்டுவதும் உண்டு.

எல்லாவற்றையும் விட ஒரே வார்த்தை முக்கியம்: முழுதாக எடுத்தார்களா? ரிப்போர்ட்டில் ஆர்0 என்று இருந்தால் விளிம்பு சுத்தம். ஆர்1 என்றால் கண்ணுக்குத் தெரியாத மிச்சம், ஆர்2 என்றால் தெரிந்தே விட்ட மிச்சம். நான் நோயாளியாக இருந்தால் வகை எழுத்தைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் தேடுவேன்.

ஏன்_எதற்கு

எதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய்மேல் ஏவிவிடும் இம்யூனோதெரபி பற்றி யாரும் பேசவில்லையே? நுரையீரல் புற்றுநோய்க்கெல்லாம் அதைத்தானே கொடுக்கிறார்கள்?

அவரோட_மனைவி

நாங்களும் கேட்டோம். பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தைத் தைமிக் கார்சினோமா வந்த 40 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. 9 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. ஆனால் 6 பேருக்குக் கடுமையான தன்னெதிர்ப்புத் தொல்லை வந்தது, இதயத் தசை அழற்சி உட்பட. எங்கள் டாக்டர் இரண்டு எண்ணையும் ஒரே காகிதத்தில் எழுதிக் காட்டி, நீங்களே யோசியுங்கள் என்றார். நாங்கள் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தோம். லென்வாட்டினிப்பை ஜப்பானில் 42 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் 16 பேருக்குச் சுருங்கியதாம். அவர் யாரோடு சேர்ந்திருக்கிறார் என்பது அடுத்த ஸ்கேனில் தெரியும்.

இரண்டாம்_இன்னிங்ஸ்

தைமோமாவில், அதுவும் மயஸ்தீனியா இருப்பவர்களுக்கு, அந்த வகை மருந்து என்றால் டாக்டர்களே பின்வாங்குவார்கள். ஏற்கெனவே குரைக்கிற நாயின் சங்கிலியை அவிழ்த்துவிடுகிற கதை.

கிணற்றடி

அண்ணனின் கேள்வி ஒன்று. தைமஸை முழுக்க எடுத்துவிட்டால் அப்புறம் உடம்பில் எதிர்ப்பு சக்தி? நெட்டில் "தைமஸ் எடுத்தவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள்" என்று ஒரு தலைப்பைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாகப் பேசாமல் இருக்கிறார்.

கண்ணாடித்தகடு

அந்தத் தலைப்புக்குப் பின்னால் இருப்பது 2023-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வு. தைமஸ் எடுத்த பெரியவர்களையும், தைமஸை எடுக்காமல் இதய ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். 5 வருடத்தில் இறந்தவர்கள் முதல் கூட்டத்தில் 8.1 சதவீதம், இரண்டாவதில் 2.8. பெரியவர்களுக்குத் தைமஸ் வெறும் கொழுப்பு இல்லை என்று அது சொல்கிறது. என் பார்வையில் அது முக்கியமான ஆய்வு. இதய ஆபரேஷனில் வழியை மறைக்கிறது என்று தைமஸைச் சும்மா வெட்டிப்போடுவதையும், சின்ன நீர்க்கட்டியைப் புற்றுநோய் என்று நினைத்து முழுத் தைமஸையும் எடுப்பதையும் யோசிக்க வைக்கும்.

உங்கள் அண்ணன் கதை வேறு. அவருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பது கட்டி, அதுவும் தசையைச் சாய்க்கிற கட்டி. எடுக்காமல் வைத்திருப்பதன் ஆபத்தோடுதான் அவர் ஒப்பிட வேண்டும், நல்ல தைமஸ் உள்ளவர்களோடு இல்லை. இத்தனை வருடமாகத் தைமஸ் தயாரித்து அனுப்பிய டி செல்கள் உடம்பெல்லாம் குடியிருக்கின்றன, அவை ஆபரேஷனோடு போய்விடாது. இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

கிணற்றடி

படித்துக் காட்டினேன். "யார் இந்தக் கண்ணாடித்தகடு" என்றார். அவ்வளவுதான் பதில். ஆனால் ஆபரேஷன் ஒப்புதலில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கிணற்றடி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்தது. சின்னத் துளைகள் வழியாகவே எடுக்கப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கட்டி இதய உறையை ஒட்டி இருந்ததால் கடைசியில் நெஞ்செலும்பை நடுவில் பிளந்துதான் எடுத்தார்கள். வெண்டிலேட்டரை மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டார்கள். உதரவிதானத்துக்குப் போகும் நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

திசு ரிப்போர்ட்டை அப்படியே எழுதுகிறேன்: தைமோமா, பி2 வகை, 6.1 செ.மீ., உறையை நுண்ணிய அளவில் தாண்டியுள்ளது, இதய உறையில் பாதிப்பு இல்லை, விளிம்புகள் சுத்தம், ஆர்0, மசாவோகா கோகா 2ஏ. ரேடியேஷன் வேண்டுமா என்பதை டாக்டர்களின் இந்த வாரக் கூட்டத்தில் பேசி முடிவு செய்வார்களாம். உங்கள் கருத்து?

கண்ணாடித்தகடு

நல்ல ரிப்போர்ட். முதல் கட்டம் என்றால் ரேடியேஷன் வேண்டாம், மூன்றாம் கட்டம் என்றால் பெரும்பாலும் வேண்டும். நீங்கள் மாட்டிக்கொண்டது நடுவில். 2ஏ, சுத்தமான விளிம்பு என்றால் பலரும் விட்டுவிடுவார்கள். பி2 என்பதால் சிலர் கொடுக்கலாம் என்பார்கள். இதயம் பக்கத்தில் இருக்கிறது, அவருக்கு வயது 46, கதிரின் பின்விளைவு 20 வருடம் கழித்து வந்தால் அதை அனுபவிக்கவும் அவர் இருப்பார். நானாக இருந்தால் விட்டுவிடுவேன். ஆனால் கூட்டத்தில் உட்காரப்போகிறவன் நான் இல்லை.

இரண்டாம்_இன்னிங்ஸ்

எனக்கும் 2ஏதான், ரேடியேஷன் கொடுக்கவில்லை. முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு சிடி, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. ஐந்து வருடம் ஆனதும் முடிந்தது என்று நினைத்தேன், இல்லை, பத்து வருடம் பார்க்க வேண்டும் என்றார்கள். தைமோமா மறதிக்காரன் மாதிரி, எப்போதோ நினைத்துக்கொண்டு வரும்.

மயஸ்தீனியா மாத்திரையை டக்கென்று நிறுத்திவிடாதீர்கள். கட்டியை எடுத்த மறுநாளே இமை நிமிரும் என்று நான் எதிர்பார்த்து ஏமாந்தேன். எதிர்ப்பொருள் குறைய மாதக்கணக்காகும், சிலருக்கு வருடக்கணக்கு. எனக்கு அரை மாத்திரை இன்னும் ஓடுகிறது.

இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பிளந்த எலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், சேர வாரங்கள் ஆகும். நான் ஒரு முறை தலையணை இல்லாமல் தும்மினேன். வேண்டாம்.

இன்னொன்று, பர்ஸில் ஒரு அட்டை வைக்கட்டும். மயஸ்தீனியா என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே: ஜென்டாமைசின் வகை, சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், நரம்பு வழி மெக்னீசியம், ரத்த அழுத்தத்துக்கான பீட்டா தடுப்பு மாத்திரைகள். நரம்பியல் டாக்டரைக் கேட்காமல் இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று எழுதுங்கள். சாதாரணக் காய்ச்சலுக்குப் போய் இதில் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் நான் ஐ.சி.யூ. வரை போனேன்.

கிணற்றடி

கூட்டத்தில் ரேடியேஷன் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. முதல் சிடி ஆறு மாதத்தில்.

அட்டையை எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு அண்ணனிடம் கொடுத்தேன். கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, முழுக்கப் படித்தார். மெக்னீசியம் என்பதில் எழுத்துப்பிழை இருக்கிறது என்றார். இரண்டு கண்ணும் திறந்துதான் இருந்தன. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது, அதனால் அதற்கு மேல் நான் எதையும் நினைத்துக்கொள்ளவில்லை.

அவரோட_மனைவி அக்கா, உங்கள் வீட்டு ஸ்கேன் எப்போது?

அவரோட_மனைவி

வியாழக்கிழமை.